ஸ்தெபானியாவின் கால்வலி

"இந்தா, என் சீட்டு. அங்க போனா எனக்கு நேரம் கிடைக்காது ப்ரோன்யா. மாதாவை ஏமாத்தறதுக்குப் பதிலா இப்பவே கொடுத்துடறது நல்லது."

இப்படிச் சொல்லிவிட்டு ப்ரீடா, கோவில் வாசலில் நின்ற வேனில் ஏறி, இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின் சகிதம் ஜெர்மனிக்குப் போயே போய்விட்டாள். ஜூன் மாத முதல் ஞாயிறும் அதுவுமாக, ப்ரோன்யா கையில் அந்தச் சீட்டோடு நின்றாள்.

கமிஷோவ்கா ஊரில் ஜெபமாலைக் கூட்டம் என்றால் விளையாட்டில்லை. ஏசு, மாதா வாழ்க்கையில் தியானிக்க வேண்டிய தேவ ரகசியம் இருபது, ஒவ்வொன்றும் எழுதிய சீட்டு இருபது, ஆள் இருபது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மாலையில் ஒரு பத்து மணி, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே', சொல்ல வேண்டும். இருபது பேரும் சொன்னால்தான் அன்றைக்கு ஒரு முழு மாலை. ஒருத்தர் விட்டாலும் அது அறுந்த மாலை. மாத முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் சீட்டுகளை மாற்றிக்கொள்வார்கள். போலந்துக்காரர்களையும் ஜெர்மன்காரர்களையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தக் கஜகஸ்தான் புல்வெளியில் இறக்கிவிட்டார்களே, அந்த முப்பத்தாறாம் வருஷம் தொடங்கிய மாலை. கோவில் இல்லாத காலத்திலும் சாமியார் இல்லாத காலத்திலும் ஒரு நாள் அறுந்ததில்லை.

இப்போது கோவில் இருக்கிறது, சாமியாரும் இருக்கிறார். ஆட்கள்தான் இல்லை. பாதிப் பேர் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் கல்லறைக்கு. ப்ரீடாவும் போனபின் ஊரில் மிச்சம் ஏழு பேர். போனவர்கள் அங்கேயிருந்தே தங்கள் பங்கைச் சொல்கிறார்கள் என்று மற்ற ஆறு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் சொல்லவும்தான் செய்தார்கள். பிறகு ப்ரோன்யா போன் செய்தால், "அடடா, மறந்தே போச்சு" என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கூட்டத்தலைவி என்ற முறையில் ப்ரோன்யா அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக, வாயைத் திறக்காமல், தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். இதுவரை பன்னிரண்டு, தன்னுடையது ஒன்று.

"ப்ரீடா சீட்டு யாருக்கு?" என்று கேட்டாள் எம்மா. எழுபத்துநாலு வயது, கூட்டத்திலேயே மூத்தவள். பின்னால் ஐந்து பேர் ப்ரோன்யாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை. பாவம், இந்த ஜெபமாலையை விட்டால் இவர்களுக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள் எல்லாம் எங்கேயோ. இது அறுந்தது என்று தெரிந்தால் வரிசையாகப் படுத்துவிடுவார்கள்.

"ஆள் கிடைச்சாச்சு எம்மாக்கா. டவுன்ல ஒருத்தி. பேரு... ஸ்தெபானியா."

"பூசைக்கு வர மாட்டாளா?"

"கால்வலி. நடக்க முடியாது."

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

*

பதினாலு பத்து மணி என்பது நூற்று நாற்பது 'அருள் நிறைந்த மரியே'. உட்கார்ந்து சொல்ல ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைக்கு ஏது நேரம்? பால் கறக்கும்போது மூன்று பத்து. ரொட்டி மாவு பிசையும்போது இரண்டு. மிச்சமெல்லாம் உருளைக்கிழங்குப் பாத்தியில். செடியில் வரி வண்டு விழுந்திருந்தது. ஒரு மந்திரத்துக்கு ஒரு வண்டு, பிடித்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட வேண்டியது. பத்து வண்டு விழுந்தால் ஒரு 'பிதாவுக்கும் சுதனுக்கும்'. அந்தக் கோடையில் கமிஷோவ்காவிலேயே சுத்தமான தோட்டம் ப்ரோன்யாவுடையதுதான். ஜூலையில் வண்டு தீர்ந்துபோய் அவள் திண்டாடியது வேறு விஷயம்.

இதற்கிடையில் ஜெர்மனியிலிருந்து மகள் லூசியாவின் போன் வரும். ஞாயிறு சாயங்காலம் தவறாமல் வரும்.

"பிரசவம் செப்டம்பர் கடைசின்னு டாக்டர் சொல்லியிருக்காங்கம்மா."

"நல்லா சாப்பிடறியா?"

"சாப்பிடறேன். நீ வருவியா?"

"பாக்கறேன்டி."

"போன தடவையும் பாக்கறேன்னுதான் சொன்ன."

போன தடவை என்றால் போன அக்டோபர். லூசியாவின் முதல் குழந்தை பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. "உடனே வாம்மா" என்று மகள் அழுதாள். அக்டோபரோ ஜெபமாலை மாதம். மாதாவின் மாதத்தில் பதின்மூன்று சீட்டைப் போட்டுவிட்டு எப்படிப் போவது, அந்த ஆறு பேரிடம் என்னவென்று சொல்வது என்று ப்ரோன்யா இங்கே தயங்கித் தயங்கி நின்றாள். அங்கே குழந்தையை அடக்கம் செய்துவிட்டார்கள். பேத்தியின் முகத்தை அவள் போனில் பார்த்ததோடு சரி. லூசியா சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அதை நினைக்கும்போதெல்லாம் ப்ரோன்யாவுக்கு எண்ணிக்கை தப்பிப்போகும். மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள்.

*

ஜூனில், நற்கருணைப் பவனி வரும் சற்பிரசாதத் திருநாளுக்குத் தெருவில் நாலு பீடம் கட்ட வேண்டும். பிர்ச் கிளைகளை நட்டு, மேஜைமேல் வெள்ளைத்துணி விரித்து, ஏழு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்தெபானியாவுக்கு" என்று எம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். ஆட்டுரோமக் காலுறை. முழங்கால் வரைக்கும் வரும்.

"இது எதுக்குக்கா?"

"கால்வலின்னு சொன்னியே!"

பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வுபெற்ற ஒத்தீலியா ஒரு பாட்டில் ராஸ்பெர்ரி ஜாம் கொடுத்தாள். டிராக்டர் ஓட்டிய கசிமிர், தன் நாய்க்குப் பூசும் தைலத்தையே பெரிய மனசோடு ஒரு சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்.

"அவங்களுக்கு வீட்டுக்காரர் உண்டா?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"ஏன் கசிமிர் அண்ணே?"

"சும்மாதான். தைலத்தைத் தேய்ச்சுவிட ஆள் வேணுமே."

ப்ரோன்யா காலுறையை அலமாரிக்கடியில் ஒளித்தாள். ஜாமை ஒளிக்க முடியவில்லை, கெட்டுப்போகும். அழுதுகொண்டே ரொட்டியில் தடவித் தின்றாள். அடுத்த வாரம் இரண்டு பாட்டில் வந்தது, ஸ்தெபானியாவுக்கு ஜாம் பிடித்திருந்தது என்று இவள் வாய்தவறி உளறியதால்.

ஜூலையில் அன்னம்மாள் திருநாளன்று மாரேக் சாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். போலந்திலிருந்து வந்த சின்ன வயசுச் சாமியார். ஒரு நோயாளியையும் விட்டுவைக்காத சுறுசுறுப்பு.

"ப்ரோன்யாம்மா, அந்த ஸ்தெபானியா வீட்டு விலாசம் கொடுங்க. நான் நன்மை கொண்டுபோய்க் கொடுக்கறேன். ஒரு சீக்காளி ரெண்டு மாசமா திவ்ய நற்கருணை இல்லாம இருக்கலாமா?"

"அவங்க வீடு மாத்தறாங்க சாமி."

"எங்க மாத்தறாங்க?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."

"கால்வலியோடயா?"

ப்ரோன்யாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்து யோசித்தாள். ஸ்தெபானியாவைச் சாகடித்துவிடலாம். ஆனால் செத்தால் பூசை வைப்பார்கள், ஏழு பேரும் அழுவார்கள், எம்மா கல்லறை எங்கே என்று கேட்பாள். இல்லாதவளுக்கு மோட்ச விளக்கு ஏற்றினால் அது எந்தக் கணக்கில் சேரும்? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான் சொன்னேன். அதுக்கப்புறம் அது தானா நடமாடுது."

"கால்வலியோடயா?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டது குரல். பாவசங்கீர்த்தன ரகசியம் பூட்டுப்போட்ட வாய் என்பதால் சாமியார் அப்புறம் மூச்சுவிடவில்லை. ஆனால் மூவொரு கடவுள் மன்றாட்டை மூன்று தரம் சொல்லச் சொல்லி அபராதம் போட்டார். ஏற்கனவே இருக்கிற பதினாலு பத்துக்குமேல் அது வேறு.

ஒரு வழி இருந்தது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு, சீட்டு மாற்றும்போது ப்ரோன்யா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"ஸ்தெபானியா ஜெர்மனிக்குப் போயிட்டா. மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். அங்கேர்ந்தே அவ பங்கைச் சொல்றேன்னு சொல்லியிருக்கா."

ஆறு பேரும் கையிலிருந்த சீட்டை மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஒத்தீலியா கண்ணைத் துடைத்தாள்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"விசா எத்தனை நாள்ல வந்துதாம்?" என்று கேட்டாள் எம்மா.

"அது... ரெண்டு மாசம்."

"நாயைக் கூட்டிட்டுப் போக விடறாங்களாமா?" என்றார் கசிமிர்.

"அவகிட்ட நாய் இல்லண்ணே."

"சரி, சரி. சும்மா கேட்டேன்."

ப்ரோன்யா நினைத்துக்கொண்டாள்: முன்பின் பார்க்காத ஒருத்தி போனதற்கே இப்படி வெலவெலத்துப் போய் நிற்கிறார்களே, நான் போனால் என்ன ஆவார்கள்? அன்று சாயங்காலம் லூசியாவிடம், "இந்த வருஷம் முடியாது போலிருக்குடி" என்று சொல்லிவிட்டாள்.



"என்னை ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டாங்கம்மா" என்றாள் லூசியா. "எழுந்திருக்கக்கூடாதாம். நாள் முழுக்க விட்டத்தையே பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். போன தடவை மாதிரியே ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நீ வரலைன்னா இனிமே நான் போன் பண்ண மாட்டேன். கோவத்துல சொல்லலம்மா. எனக்கு முடியல."

*

மாதா விண்ணேற்புத் திருநாள். எல்லோரும் கோதுமைக் கதிர், கசகசாக் காய், மாசிப்பச்சை என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மந்திரித்துக்கொண்டார்கள். ப்ரோன்யா தன் கட்டை மார்போடு அணைத்தபடி பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். ஒரு பத்து மணிகூட வாயில் வரவில்லை.

'அம்மா, என் மகள் மாதிரி நீயும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவதானே. எம்மாவைப் பாத்துக்க. ஒத்தீலியாவை, கசிமிர் அண்ணனைப் பாத்துக்க. மத்த மூணு பேரையும் பாத்துக்க. நான் என் மகள்கிட்ட போறேன். என்னை மன்னிச்சுடு.'

மறுநாள் காலையில், மெழுகுவர்த்தி வாங்கப் போவதாக எம்மாவிடம் சொல்லிவிட்டு டவுன் வேனில் ஏறினாள். எம்மா வாசலில் நின்று கையாட்டினாள். "சீக்கிரம் வந்துடு, நீ இல்லாம எங்களுக்கு ஓடாது" என்றாள். வேன் திரும்பும்வரை ப்ரோன்யா தலையை நிமிர்த்தவில்லை. அந்த ஆறு பேரின் கழுத்தையும் தன் கையாலேயே அறுக்கிற மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, விசாவுக்குப் படம் எடுக்கும் போட்டோக் கடை. ரய்கான் என்ற கசாக்குப் பெண்பிள்ளை நடத்துவது. வெள்ளைத்துணிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள்.

"சிரிக்கக்கூடாதுக்கா. ஜெர்மன்காரன் ஒத்துக்க மாட்டான்."

"எனக்குச் சிரிப்பு வரல தாயி."

பளிச்சென்றது. ரய்கான் கம்ப்யூட்டரில் முகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ப்ரோன்யா மேஜைமேல் குனிந்து, யாரோ ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் படம் எடுத்தது எங்க ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம், என்ன? ஜெபமாலைக்காரங்க ஆறு பேரு இருக்காங்க. நான் போறேன்னு தெரிஞ்சா அந்த ஆறு உசுரும் தாங்காது."

ரய்கான் கையை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஆறு பேரு? அந்த நாய்க்கார அண்ணன், உயரமா ஒரு எம்மாக்கா, அவங்களா? அட, மூணு வருஷமா ஈஸ்டர் முடிஞ்சா அவங்க ஆறு பேரும் ஒண்ணா வந்து இதே ஸ்டூல்ல படம் எடுத்துக்கிட்டு, பிள்ளைங்ககிட்ட போக விசாவும் வாங்கி, அது காலாவதியாகற வரைக்கும் பெட்டியிலயே வெச்சிருக்காங்கக்கா. கேட்டா, 'எங்க ஊர்ல ப்ரோன்யான்னு ஒருத்தி, பாவம், ஜெபமாலையை விட்டா அவளுக்கு வேற ஒண்ணுமே இல்ல, அவளை விட்டுட்டு எப்படிப் போறது'ங்கறாங்க!"