அப்பாவுக்குப் பின்னால் ஒரு கூட்டம்

திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேர் அதிகமாக இருந்தார்கள்.

வழிகாட்டிக்கு இது புதிதல்ல. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது, கதை சொல்வது, சிரிக்க வைப்பது, ஒருத்தரும் தொலைந்துபோகாமல் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடுவது, இதுதான் அவன் பிழைப்பு. பின்னால் ஆள் வராவிட்டால்தான் அவனுக்குக் கை கால் ஓடாது. ஆனால் இன்றைக்கு லீவு. இன்றைக்கு அவனோடு வரவேண்டியவர்கள் ஏழு வயது மகளும் மூன்று வயது மகனும் மட்டும்தான். அதிலும் மகன் தோளில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

மகளுக்குப் பின்னால் அகலமான தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் கைத்தடி ஊன்றிய ஒரு அம்மாள். வழிகாட்டி நின்றான். அவர்களும் நின்றார்கள். நாலடி நடந்தான். அவர்களும் நாலடி நடந்தார்கள்.

"ஏதாவது வேணுங்களா சார்?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. நீங்க சொல்லிட்டு வாங்க, நாங்க கேட்டுட்டு வர்றோம்," என்றார் தொப்பிக்காரர்.

வழிகாட்டி அண்ணாந்து பார்த்தான். வலது கை தலைக்கு மேலே நீட்டியிருந்தது. கையில் மடக்கிய மஞ்சள் குடை. வெயிலுக்கு என்று எடுத்துவந்த குடையை, பழக்கதோஷத்தில் காலையிலிருந்து கொடிக்கம்பம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறான். ஆள் சேராமல் என்ன செய்யும்?

"சாரிங்க. இன்னைக்கு நான் வேலையில இல்ல. பிள்ளைங்களோட சும்மா வந்திருக்கேன்."

"ரொம்ப நல்லது," என்றாள் கைத்தடி அம்மாள் அன்பாக. நகரவில்லை.

இந்த ஒரு நாளைக்காக அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்றபடியே யாருக்கு எந்த மாத்திரை எத்தனை வேளை என்று சொல்லிச் சொல்லி, சுற்றி வளைத்துப் பேசுகிற வழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. போன வாரம் அவள் சொன்னாள்:

"சின்னவன் நேத்து கூரியர் கொண்டுவந்தவரைப் பார்த்து அப்பான்னு கூப்பிட்டான்."

"குழந்தைதானே, விளையாட்டுக்கு..."

"விளையாட்டுக்கு இல்லைங்க. ஓடிப்போய் காலைக் கட்டிக்கிட்டான். அந்த மனுஷன் கையெழுத்துகூட வாங்காம ஓடிட்டாரு. ஞாயித்துக்கிழமை லீவு போட்டு ரெண்டு பேரையும் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. அவசரமில்லாம, நிதானமா. இதையும் கோட்டை விட்டீங்கன்னா, இனிமே நான் கேக்கவே மாட்டேன்."

கேட்டுக்கொண்டே இருக்கிற மனைவியை எப்படியாவது சமாளித்துவிடலாம். கேட்கமாட்டேன் என்கிற மனைவியை ஒன்றும் செய்யமுடியாது.

உடனே உட்கார்ந்து திட்டம் போட்டான். தொழில்காரன் அல்லவா? ஏழு இடம். எங்கே நிழல், எங்கே கழிப்பறை, எங்கே குழந்தை அழுதால் யாரும் முறைக்கமாட்டார்கள், எல்லாம் அத்துப்படி. மனைவி பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் நிதானமா?" என்று ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசியில் அருங்காட்சியகமும் படகும் மட்டும் தப்பின. அவன் தன் பங்குக்கு இன்னொன்றையும் வெட்டினான். பேச்சை. தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு நிதானம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். வீட்டிலும் அவன் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டுவான்.

அதனால்தான் சற்று முன்பு நீரூற்றின் அருகே மகள், "அப்பா, இந்த மீன் வாயிலேருந்து ஏன் தண்ணி வருது?" என்று கேட்டபோது, "குழாய் வெச்சிருக்காங்கம்மா" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டான். அந்த மீனைப் பற்றி அவனிடம் அரைமணி நேரக் கதை இருந்தது. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அது வேலை நாளுக்கு.

முதல் காரியமாகக் குடையைப் பைக்குள் திணித்தான். வெயில் நேராகச் சின்னவன் முகத்தில் அடித்தது. அவன் சிணுங்க ஆரம்பித்தான். சிணுங்கலை நிறுத்த வழிகாட்டி அவனைத் தோளிலிருந்து இன்னும் உயரத் தூக்கி ஆட்டினான். குஷியான சின்னவன் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான். குடையைவிட இது எடுப்பாகத் தெரிந்தது. சதுக்கத்தைத் தாண்டுவதற்குள் ஒரு புதுமணத் தம்பதியும், கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா இப்படிப் பின்தங்குற? கையைப் பிடிச்சுக்கிட்டு வா," என்று மகள்மீது எரிந்து விழுந்தான்.

"செருப்பு வார் அவுந்துடுச்சுப்பா."

நடையை எட்டிப் போட்டான். கூட்டமும் எட்டிப் போட்டது. கைத்தடி அம்மாள் மட்டும் மூச்சு வாங்க, "தம்பி, கொஞ்சம் மெதுவா. வயசானவங்களும் இருக்கோம்" என்றாள். அவன் கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. வயசானவர்கள் இருந்தால் மெதுவாக நடப்பது என்பது அவன் கால்களுக்கே தெரியும், அவனைக் கேட்கவேண்டியதில்லை.

அருங்காட்சியக வாசலில் காவலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

"என்னண்ணே, லீவுன்னு சொன்னீங்க? பட்டாளத்தோட வந்திருக்கீங்க?"

"இவங்க என்கூட வரலப்பா."

காவலாளி கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் வழிகாட்டியைப் பார்த்தது.

"நீங்க வலது பக்கம் கொஞ்சம் போங்கண்ணே."

போனான். எல்லோரும் போனார்கள்.

"வரலன்னா இப்படி வருவாங்களா? என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க. குழுவா வர்றவங்களுக்கு அந்தப் பக்கத்து வாசல். அது இன்னும் திறக்கல."

பக்கத்து வாசலில் நிழல் இல்லை. சின்னவனுக்கு அவசரமாகக் கழிப்பறை வந்தது. வழிகாட்டி அவனை இடுக்கிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்த்தால் தொப்பிக்காரர் தலைமையில் ஒரு வரிசையே பின்னால் வந்துகொண்டிருந்தது.

"வழிகாட்டி போகும்போதே நாமளும் போயிடணும்," என்று தொப்பிக்காரர் புதுமாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அப்புறம் கேட்டா நேரம் இல்லைம்பாங்க."

ஒருவழியாக வாசல் திறந்து உள்ளே நுழைந்ததும் வழிகாட்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. விரட்டினால் போகமாட்டேன் என்கிறவர்கள் கொட்டாவி வந்தால் போய்விடுவார்கள். மெழுகில் செய்த ராஜாக்கள், திமிங்கில எலும்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுச் சுவருக்கு முன்னால் போய் நின்றான்.

"இந்தக் கட்டடத்தோட சாக்கடை அமைப்பைப் பத்தி இப்ப விளக்கமா பார்க்கப்போறோம்," என்றான் அழுமூஞ்சியோடு.

குழாயின் அகலம், சரிவு, எந்த மண்ணில் எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொண்டே போனான். கேமராக்காரர் கண்ணைக் கசக்கினார். புதுப்பெண் மொபைலை எடுத்தாள். நல்ல அறிகுறி. ஆனால் பாழாய்ப்போன நாக்கு சும்மா இருக்கவில்லை. ஒரு முகம் சலித்துப்போனால் அதைச் சிரிக்க வைக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. இந்தச் சாக்கடையைக் கட்டிய இன்ஜினீயர் திறப்புவிழா அன்றைக்குப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து அதற்குள்ளேயே விழுந்ததையும், அவரைத் தூக்கப்போன மேயர் கால் வழுக்கியதையும், உள்ளேயிருந்தபடியே இருவரும் ரிப்பனை வெட்டியதையும் அவன் நடித்தே காட்டிவிட்டான்.

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். திமிங்கிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் இங்கே ஓடிவந்தார்கள். மகள் முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். சின்னவன் அவள் மடியில் கைதட்டினான். வழிகாட்டிக்கு அதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்? பழக்கப்படி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். காலையில் இருந்ததைப்போலப் பத்து மடங்கு.

இனி தப்பி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. காவலாளியின் கையைப் பிடித்துக் கெஞ்சினான். ஊழியர்கள் போகிற பின்கதவு ஒன்று உண்டு. கூட்டம் திமிங்கிலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சின்னவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாம்மா, வா வா" என்று கிசுகிசுத்துவிட்டு, குனிந்தபடி ஓடினான். சந்து வந்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

ஒருவருமே இல்லை. மகளும் இல்லை.

அந்த நிமிஷம் அவனுக்கு உலகமே நின்றுபோனது. எத்தனை ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறான்! காது கேட்காதவர், கோபித்துக்கொண்டு போனவர், தூங்கிக்கொண்டே நடந்தவர், ஒருவரைக்கூடத் தொலைத்ததில்லை. பெற்ற பெண்ணைத் தொலைத்துவிட்டான். பின்கதவு வெளியேயிருந்து திறக்காத கதவு. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினான். சின்னவன் இடுப்பில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

முன்வாசல் படியில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கைத்தடி அம்மாளின் விரலைப் பிடித்துக்கொண்டு மகள்.

"அப்பா, நீங்கதான் காணாம போயிட்டீங்க," என்றாள் அவள். "நாங்க எல்லாரும் தேடினோம்."

"பச்சப்பிள்ளையை விட்டுட்டு இப்படியா போவாங்க?" என்று தொப்பிக்காரர் பிடித்துக்கொண்டார். கேமராக்காரர் உச்சுக்கொட்டினார். புதுப்பெண் தன் கணவனைப் பார்த்து, "நாளைக்கு நீங்களும் இப்படித்தான் இருப்பீங்க" என்றாள். அந்த மாப்பிள்ளை ஒரு பாவமும் அறியாதவன். வழிகாட்டி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். எதற்கென்று அவனுக்கே புரியவில்லை.

மிச்சம் இருந்தது படகு. சின்னப் படகில் ஒரு குடும்பத்துக்கு மேல் ஏறமுடியாது, அந்தத் தைரியத்தில்தான் ஆற்றங்கரைக்கு வந்தான். படகுக்காரர் அவனையும் அவனுக்குப் பின்னால் வந்த ஊர்வலத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை பேருக்குச் சின்னது எப்படிப் பத்தும்? பெரிய படகை எடுக்குறேன். ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க."

ஏறினார்கள். கரை விலகியது. தரையிலாவது ஓடலாம், தண்ணீரில் எங்கே ஓடுவது? வழிகாட்டி படகின் முனையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்போது பார்த்து மொபைல் அடித்தது. வீடியோவில் மனைவி, வாரத்தில் ஒருநாள் கிடைத்த தூக்கத்திலிருந்து எழுந்த முகம்.

"என்னங்க, நல்லா போகுதா? நிதானமா இருக்கீங்களா?"

"ம்... ரொம்ப நிதானம்."

"பின்னால யாருங்க அவங்கல்லாம்?"

பின்னாலிருந்தவர்கள் உற்சாகமாகக் கையசைத்தார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் வேறு சொன்னார்.

மனைவியின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. களைப்பு மட்டும் வந்தது.

"வேலைக்குத்தான் போயிருக்கீங்க. பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு."

"இல்லம்மா, சத்தியமா இல்ல, நான் சொல்றதைக் கேளு..."

"பரவாயில்லைங்க. நான் ஒண்ணும் கேக்கல."

திரை இருண்டது. வழிகாட்டிக்கு அழுகை வந்தது. ஒரு நாள். பெற்ற பிள்ளைகளோடு ஒரே ஒரு நாள் இருக்க ஆசைப்பட்டான், அதற்குக்கூட லாயக்கில்லை. இனி சின்னவன் வாசலுக்கு வருகிறவர்களையெல்லாம் அப்பா என்று கட்டிக்கொள்வான். கூரியர்காரர்களாவது நல்லவர்களாக இருக்கவேண்டும்.

"தம்பி, அந்தப் பாலத்தைப் பத்திச் சொல்லுங்க," என்றார் கேமராக்காரர்.

வழிகாட்டி எழுந்தான். படகு ஆடியது.

"பெரியவங்களே, அம்மா, எல்லாருக்கும் சொல்றேன்," என்றான். "இன்னைக்கு நான் வழிகாட்டி இல்ல. இந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா. காலைலேருந்து அப்பாவா இருக்கத்தான் முயற்சி பண்றேன். உங்களை விட்டு ஓடிப் பார்த்தேன், ஒளிஞ்சு பார்த்தேன், சாக்கடையைக்கூடக் காட்டிட்டேன். கையெடுத்துக் கும்பிடுறேன், எங்களை விட்டுடுங்க. நாங்க மூணு பேரும் கொஞ்ச நேரம் தனியா இருந்துட்டுப் போறோம்."

தொப்பிக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டு செருப்பு வாரைத் திருகினாள்.

கைத்தடி அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"நாங்களா வரலப்பா, 'எங்கப்பா ஆளுங்க இருந்தாதான் கதை சொல்வாரு, எங்ககூட வர்றீங்களா'ன்னு உன் பொண்ணுதான் காலைலேருந்து எங்க ஒவ்வொருத்தரையா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா."