மாப்பிள்ளை கொண்டுவந்த ஒரு லோடு கதவு

மல்லாங்கிணறு
5-12-61, செவ்வாய்க்கிழமை

ஆனைக்குட்டத்தில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி பெத்தணன் அவர்கள் சமூகத்துக்கு, மல்லாங்கிணறு கோட்டைச்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி கருப்பம்மாள், மாடு கன்று, கம்மங்காடு எல்லாம் தங்கள் புண்ணியத்தில் சௌக்கியம். தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான கண்ணுச்சாமியும், என் ஒரே மகள் வெள்ளைத்தாயும் மிகமிகச் சௌக்கியம். வீட்டுச் சுவர்கள்தான் சௌக்கியமில்லை. அதைப் பற்றித் தங்களிடம் முறையிடவே இந்தக் கடிதம்.

தாங்கள் பெண் கேட்டு வந்த அன்று, பையன் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறான் என்று சொன்னீர்கள். கம்பெனியில் இருக்கிறார் என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கதவு மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கல்யாணப் பந்தலில்தான் தெரிந்தது. அதுவும் கதவைச் செய்வது ஆசாரியாம், சுவரைக் கட்டுவது கொத்தனாராம், இரண்டு பேரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு நடுவில் வந்து மாட்டிவிட்டுப் போவது மட்டும்தான் மாப்பிள்ளையாம். நிலம் நீச்சு உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இதுவும் ஒரு தொழிலா என்று கருப்பம்மாள் கேட்டாள். தாலி கட்டியாகிவிட்டது, சும்மா இரு என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார், அதுவும் சிவகாசியிலிருந்து வருகிறார் என்றதும், வாணமும் சரவெடியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் என்று எங்கள் தெருவே காத்திருந்தது. அவரும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு லாரி வந்து நின்றது. பிள்ளைகள் எல்லாம் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடிப் பார்த்தால், லாரி நிறையக் கதவு. கம்பெனி இன்ஸ்பெக்டர் சரியில்லை என்று தள்ளிய கதவுகளாம். வீணாகப் போகக்கூடாது என்று மாமனார் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு மையில் ஏதாவது ஒன்று எழுதியிருந்தது. நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, இறக்கி வைக்க ஆள் பிடித்தேன்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, இலையில் உட்கார்ந்த மாப்பிள்ளை இட்டிலியைப் பார்க்காமல் கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாமா, கதவு உள்பக்கமா தொறக்குது?" என்றார். "பொறந்ததுல இருந்து அப்பிடித்தான் தொறக்குது மாப்பிள்ள" என்றேன். பட்டாசுக் கம்பெனி அறைகளில் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டுமாம், தள்ளிக்கொண்டு ஓட வசதியாம், தாழ்ப்பாள் கூடாதாம், எந்தப் பக்கம் தீ வந்தாலும் இன்னொரு பக்கம் ஓட வழி வேண்டுமாம். "திடீர்னு வெடிச்சா நீங்க கதவ இழுத்துக்கிட்டு நிப்பீக, அதுக்குள்ள அம்புட்டுப் பேரும் காலி" என்றார். "நம்ம வீட்டுல எதுக்கு மாப்பிள்ள வெடிக்கப் போவுது?" என்று கேட்டேன். "இன்னைக்குத் தீவாளி மாமா" என்றார். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சுப் பேசலாமா? "ஒங்க இஷ்டம் போலச் செய்ங்க" என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொன்ன வாயை மூடுவதற்குள் கொல்லைக் கதவு கீழே கிடந்தது.

கொல்லைக் கதவு முடிந்ததும் வாசல் கதவையும் வெளியே திறக்கும்படி மாற்றினார். எங்கள் தெரு ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான். கதவைத் தள்ளித் திறந்தால் தெருவே அடைபடும். பஞ்சாயத்து மெம்பர் சோலைச்சாமி பல் குச்சியும் கையுமாக வந்துகொண்டிருந்த நேரத்தில் கருப்பம்மாள் கோலம் போடக் கதவைத் தள்ளினாள். அவருக்கு மூக்கு வீங்கிவிட்டது. அன்று முதல் கருப்பம்மாள் வெளியே வருவதற்கு முன்னால் உள்ளே நின்றுகொண்டே "கதவு வருது, கதவு வருது" என்று கூவிவிட்டுத்தான் வருகிறாள். அடுத்து தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிப் பரணில் போட்டார். ஆள் உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் போடுவது சட்டப்படி குற்றமாம். குளிக்கும்போதுகூடவா என்று கேட்டதற்கு, குளிக்கும்போதுதான் ஓடுவது கஷ்டம் என்றார்.

அதன் பிறகு கடப்பாரையை எடுத்தார். மண் சுவர்தானே, பலகாரம் பிட்டது போலப் பிட்டுக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு நாலு சுவரிலும் நாலு கதவு. நாலிலும் "நெருப்பு உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. கருப்பம்மாள் அதைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க அடுப்புப் பற்றவைக்கவில்லை. சாமி அறைக் கதவில் "அபாயம்". எங்கள் படுக்கை அறையில் "நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது". கார்த்திகைக்கு வந்த உறவுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்து அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். சோதனைக்காக மாப்பிள்ளை நினைத்த நேரத்தில் "வெடி!" என்று கத்துவார், உடனே ஆளுக்கு ஒரு கதவு வழியாக ஓட வேண்டும். ஒருதரம் நான் சோற்றுத் தட்டோடு மேலத்தெருவுக்கும், கருப்பம்மாள் கரண்டியோடு கிணற்றுத் தெருவுக்கும் ஓடினோம். எங்களுக்குள் வெட்டுக்குத்து என்று ஊர் திரண்டுவிட்டது. விலக்கிவிட வந்தவர்களிடம் என்னவென்று சொல்ல முடியும்?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் சம்பந்தி. எங்கள் வீடு மேலத்தெருவுக்கும் கிணற்றுத் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. கதவுகள் நேருக்கு நேர் வந்ததும் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு ஊரைச் சுற்றாமல் எங்கள் வீட்டுக்குள் புகுந்தே போக ஆரம்பித்தார்கள். போகிறவர்கள் சும்மா போகிறார்களா? சட்டியைத் திறந்து, உப்புக் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஆடுகள் வந்தன. போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு அடுப்படி வழியாகப் போனது. கருப்பம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அந்தக் கல்யாண ஜோடிக்குத் திருநீறு பூசினாள். நான் போய் சோலைச்சாமியிடம், ஏதாவது ஒரு கதவையாவது அடைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். "அதெப்பிடி அடைப்பீக? சனம் நடந்து பழகிருச்சு. பொதுப்பாதைய மறிச்சா பஞ்சாயத்து சும்மா இருக்காது" என்று மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்குள் நான் ஓரமாக நடக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எனக்கு உள்ளபடியே இருக்கிற பயம் இந்தச் சுவர்களைப் பற்றி அல்ல. என் மகளைப் பற்றித்தான். தீபாவளியோடு பட்டாசு சீசன் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சிவகாசியிலிருந்து ஆளும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை. நாளைக்கு இவர் என்ன செய்து அவளுக்குச் சோறு போடுவார்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒருநாள் கேட்டே விட்டேன். "மாப்பிள்ள, நீங்க மாட்டுன கதவு எத்தன வருசம் நிக்கும்?" "நூறு வருசம் அசையாது மாமா." "அப்ப எல்லாருக்கும் மாட்டி முடிச்சிட்டீகன்னா, அப்புறம் ஒங்க தொழில் என்னாகும்?" அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "ஒரு வீட்டுக்கு எத்தன சுவரு மாமா? நாலு. எத்தன சுவத்துல வாசல் கதவு இருக்கு? ஒண்ணுல. ஒலகத்துல முக்காவாசிச் சுவரு இன்னும் சும்மாதான் நிக்குது. எம் பேரன் காலம் வரைக்கும் வேல கெடக்கு." என் மகள் பக்கத்தில் நின்று, "கேட்டீகளா அய்யா!" என்று பூரித்துப் போனாள். இவள் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை, இவள் கதியை நினைத்தால் தூக்கமும் வரவில்லை.

ஆகையால் தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை. சாத்தூரில் எனக்குத் தெரிந்த தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுத ஒரு இடம் காலியாக இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம். தீப்பெட்டியையும் இழுத்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. நான் மாமனார், வாய் திறக்க முடியாது. தாங்கள் பெற்ற தகப்பன், அதட்டலாம். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து மாப்பிள்ளையைக் கையோடு அழைத்துப் போய்விடவும். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று, கம்பு கொட்டி வைத்திருக்கும் குலுக்கைக்கு நாலு பக்கமும் கதவு வைக்கக் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். வைத்தால் வருஷச் சாப்பாடு தரையில் ஓடும். அதற்கு முன்னால் வந்துவிடவும்.

அங்குள்ள பெரியவர்கள் காலில் நான் விழுந்து எழுந்ததாகவும், சின்னவர்களுக்குத் திருநீறு பூசியதாகவும் எடுத்துக்கொள்ளவும். சம்பந்தி அம்மாளைக் கருப்பம்மாள் மிகவும் விசாரித்தாள். வரும்போது வாசலில் நின்று குரல் கொடுக்கவும். கதவுக்கு எட்டி நிற்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை நம்பிப் பெண் கொடுத்த,
கோட்டைச்சாமி

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டுத் தபாலில் சேர்ப்பதற்குள், நேற்று புதன்கிழமை காலையில் சிவகாசியிலிருந்து லாரி வந்தது. புதிதாகக் கம்பெனிகள் கட்டுகிறார்களாம். அறை அறையாகக் கதவு மாட்ட வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளும்படி மாட்ட மாப்பிள்ளையை விட்டால் ஆள் கிடையாதாம். வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது என்று முதலாளியே சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே எதிர்காலம் இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். மாப்பிள்ளை கிளம்பினார். வெள்ளைத்தாயும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நேற்றுப் பகல் பூராவும் நானும் கருப்பம்மாளும் நடு வீட்டில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை கதவு வழியாகவும் ஊர் முழுக்க வந்து போகிறது, எங்கள் பிள்ளை மட்டும் வரவில்லை. எங்களால் தாங்க முடியவில்லை சம்பந்தி. இன்று விடிந்ததும் நானே கடப்பாரையை எடுத்து மாட்டுத் தொழுவத்துச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடித்துவிட்டேன். கருப்பம்மாள் தடுக்கவில்லை, "இன்னும் கொஞ்சம் அகலமா இடிங்க, ரெட்டைக் கதவா வைக்கட்டும், நாலு நா சேந்தாப்புல வேல இருக்கும்" என்றாள். எனவே தாங்கள் மாப்பிள்ளையை அதட்டியோ கெஞ்சியோ சீக்கிரம் இங்கே அனுப்பி வைக்கவும். ஆணி எடுத்துக் கொடுக்க வெள்ளைத்தாயும் கட்டாயம் கூட வர வேண்டும். மழை பிடித்துக்கொண்டது, மாடு நனைகிறது என்று சொல்லவும்.