அண்ணியின் கண்ணும் உன் பிரசங்கமும்

பிரசங்க மேடையில் போதகரும், வீட்டில் எனக்கு இளையவனுமான அன்புத் தம்பிக்கு, அண்ணன் எழுதிக்கொண்டது.

இங்கு நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தையும், உன் மனைவியின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். இப்படித் தொடங்குவது மரியாதை என்பதால் தொடங்கினேன். உண்மையில் இங்கு சுகமில்லை. உன் அண்ணிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு உன் பிரசங்கமும் ஒரு காரணம். வாரந்தோறும் உன்னைப் பார்த்தும் நேரில் சொல்லாமல் எழுதுவது ஏன் என்று கேட்பாய். ஆராதனை முடிந்ததும் உன்னைச் சுற்றி ஒரு கூட்டம். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள். நான் எங்கே வாயைத் திறப்பது?

அவள் வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைப்பது உனக்குத் தெரியும். சென்ற மாதம் ஒரு கால்சட்டையின் இரண்டு கால்களையும் அடியில் சேர்த்துத் தைத்துவிட்டாள். வாங்க வந்த அம்மாள், இதைப் போட்டுக்கொண்டு என் பையன் பள்ளிக்கு எப்படிப் போவான் என்று கேட்க, இவள் சிரித்துச் சமாளித்து, பிரித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் ஒரு சட்டைப் பையை உட்பக்கம் வைத்துத் தைத்தாள். பிறகு ஒரு நாள், வாசலில் தொங்கிய என் மழைக்கோட்டைப் பார்த்து, "ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். கோட்டு பதில் சொல்லவில்லை என்று அவளுக்கு வருத்தம் வேறு. நானும் சிரித்தேன் தம்பி. சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் கையை நீட்டிக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்றே இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண் கைவிட்டுப் போய்விட்டதாம். இடது கண்ணுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தால் இருக்கிற பார்வையாவது மிஞ்சுமாம், தள்ளிப்போட்டால் அதுவும் போகுமாம்.

வீட்டுக்கு வந்து, ஆணித் தொழிற்சாலையை மூடியபோது எனக்குக் கொடுத்த பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது, எடுக்கிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில்தான் நீ வருகிறாய். உண்ண உணவும் உடுக்க உடையும் இருந்தால் மனம் நிறைந்திருக்க வேண்டும் என்று நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினாயே, அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். "சாப்பாடு இருக்கு. துணி இருக்கு, அதுவும் நானே தைக்கிறேன். கண்ணப் பத்தித் தம்பி ஒண்ணும் சொல்லலயே" என்கிறாள். வேத வசனத்துக்கு எதிர் வசனம் சொல்ல நான் போதகனா? நான் ஆணி எடை போட்டவன். போதாக்குறைக்கு அடுத்த வாரம் உழைப்பைப் பற்றிப் பேசினாய். குணசாலியான மனைவியின் விளக்கு இரவிலும் அணையாது என்றாய். அன்று சாயங்காலமே இவள் தையல் மெஷினுக்கு மேலே இன்னும் பெரிய பல்பாக மாட்டச் சொன்னாள். ஏணியில் ஏறி மாட்டியவன் நான். அந்த மனைவிக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்று வேதத்தில் அங்கேயே எழுதியிருப்பதை, அவசரத்தில் நீ சொல்லாமல் விட்டுவிட்டாய்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் நன்றாகவே இருக்கிறேன். தொழிற்சாலை மூடிய பிறகும் காலையில் முகம் மழித்து, பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு, சங்கு ஊதும் நேரத்துக்கு கேட் வரை போய் நின்றுவிட்டு வருகிறேன். இப்போது சங்கு ஊதுவதில்லை. ஆனாலும் நடை உடம்புக்கு நல்லதுதானே. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அதில் யாருக்கும் தொந்தரவில்லை.

ஆகையால் உன்னிடம் ஒரே வேண்டுகோள். அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள், மேடைப் பேச்சைத்தான் கேட்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பணத்தைப் பூட்டி வைக்கக் கூடாது, செலவழிக்க வேண்டிய நேரத்தில் செலவழிக்க வேண்டும் என்று பேசு. எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தைச் செலவழிக்காமல் மண்ணில் புதைத்து வைத்தவனின் கதையை எடுத்துக்கொள், பொருத்தமாக இருக்கும். அறுவை சிகிச்சை என்ற சொல் எங்காவது வந்தால் இன்னும் நல்லது. யார் சொல்லிப் பேசினாய் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது.

உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் மனைவியைப் படியேறாமல் இருக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவள் வந்து, "என்ன அவ்வளவு நேரமா எழுதுறீங்க, படிச்சுக் காட்டுங்க" என்றாள். அவளால் படிக்க முடியாது என்பதால் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தக் காரணத்தாலேயே என்னால் முடியவில்லை. முழுவதையும் படித்தேன். மழைக்கோட்டு வந்தபோது சிரித்தாள். பிறகு தையலை மடியில் வைத்துவிட்டு, "அந்தப் பிரசங்கத்தப் பண்ணச் சொன்னதே நான்தாங்க. எனக்காக இல்ல, உங்களுக்காக. இருக்கிறது போதும்னு யாராவது உங்களுக்குச் சொல்லணும்ல. நான் சொன்னா சுவரப் பாக்குறீங்க. போதும்னு காட்ட இருக்கிறதே அந்தப் பணம்தான், அதையும் என் கண்ணுக்குக் கொடுத்துட்டா, அப்புறம் உங்கள எதச் சொல்லி எழுப்புறது?" என்றாள்.

நீயும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தாலந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல முகம் மழித்துக் கிளம்புவேன். கேட்டுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. அவளும் வருகிறாள். ஒரு கண் போதும் என்கிறாள். தயவுசெய்து அதற்கு ஒரு வசனம் தேடாதே.