திருப்புளியார் கை வைத்த போன்

மூன்றாவது முறையும் போன் தானாக அணைந்து தானாக ஒளிர்ந்தபோதுதான் திருப்புளியாருக்கு லேசாக வியர்த்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பார். எங்கே ஒரு திருகாணியைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அவர் கண்காணிப்பாளராக இருக்கும் பார்சல் அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இது. அவர் சரிசெய்த சுவர்க் கடிகாரமும் இஸ்திரிப் பெட்டியும் ரேடியோவும் வீட்டுப் பரணில் நிரந்தர ஓய்வில் இருந்தன. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விளக்கம்தான்: "பொருளே மட்டம். நான் என்ன பண்றது?"

இந்தப் போனை அப்படிச் சொல்லிப் பரணில் ஏற்றிவிட முடியாது. இது மனைவியின் போன். இதற்குள் அவளுடைய அக்காவின் குரல் இருந்தது.

அக்கா தன் கடைசிக் காலத்தை இந்த வீட்டில்தான் கழித்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் வாய் மட்டும் படுக்கவில்லை. தங்கையைக் கிண்டல் செய்வாள், திட்டுவாள், சின்ன வயதுக் கதைகளைப் பேசுவாள். அதையெல்லாம் தங்கை போனில் பதிந்து வைத்திருந்தாள். வேறெங்கும் பிரதி கிடையாது. அக்கா போன பிறகு தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்பாள். கேட்டால் அழுவாள். அழுதால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. போட்ட தட்டைத் திருப்புளியார்தான் எடுத்து மூடி வைப்பார். ஆனாலும் செத்துப்போனவளின் குரலைக் கேட்காதே என்று எந்த வாயால் சொல்வது?

அவளே இன்று காலையில் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னங்க, இது ரொம்ப மெதுவா இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

திருப்புளியாருக்கு மனசு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கையிலிருந்து பொருள்களைப் பிடுங்கி வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். இப்போதாவது வீட்டுக்காரன் அருமை தெரிந்ததே!

விடுமுறை நாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, போனை வேகமாக்கும் வழிகளைச் சொல்லும் வீடியோ ஒன்றைத் தன் போனில் பார்த்தபடி, தேவையில்லாதது என்று தோன்றியதையெல்லாம் நீக்கினார். பெயர் புரியாதவை எல்லாம் தேவையில்லாதவை என்பது அவருடைய கணக்கு. நீக்கி முடித்து அணைத்துப் போட்டார். கம்பெனிச் சின்னம் வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. அதைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் அடுத்த காலையும் விட்டுத்தான் முதல் காலை எடுக்கப் பார்ப்பார்கள். இன்னொரு வீடியோவைத் தேடினார். அதில் ஒருவர் இதே போனுக்குப் புது மென்பொருள் ஏற்றிக் காட்டினார். இதே போன் இல்லை, இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. நிறம் ஒன்றாக இருந்ததால் திருப்புளியார் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

மென்பொருள் ஏறியது. போன் கண் விழித்தது. படம் மட்டும் தலைகீழாக இருந்தது. மேலே தொட்டால் கீழே ஏதோ திறந்தது. கீழே தொட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. அக்காவின் பதிவைத் தேடி ஏதோ ஒரு மூலையைத் தொட்டார். போன் அவர் முகத்தையே படம் பிடித்தது.

"ஆச்சாங்க?" மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ஆகிட்டே இருக்கு."

"அவசரம் இல்ல. நல்லா நிதானமா பாருங்க."

அந்த நல்ல வார்த்தைதான் அவரைக் கொன்றது. அன்று சாயங்காலம் அவள் ஜன்னலோரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். போனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் அலுவலகத்தில் தட்டச்சு அம்மாவிடம் போனை நீட்டினார். கம்ப்யூட்டர் சங்கதி அங்கே அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

"யார் சார் இதை இந்தக் கோலம் பண்ணது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

அந்த அம்மா அவர் சட்டைப் பையை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

"கேபிள் போட்டு, ஆதியில இருந்த மென்பொருளையே திரும்ப எழுதிடலாம் சார். பதிவெல்லாம் அப்படியே இருக்கும். ஆனா எழுதி முடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் நிக்கக் கூடாது. நடுவுல நின்னா போன் செங்கல்."

"செங்கல்னா?"

"அப்புறம் சுவர் கட்டத்தான் ஆகும் சார்."

திரையில் பச்சைக் கோடு ஒன்று நத்தையாக ஊர்ந்தது. திருப்புளியார் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பார்சல் விசாரிக்க வந்தவர்களை "அப்புறம் வாங்க" என்று விரட்டினார். கோடு பாதியைத் தாண்டியது. முக்காலையும் தாண்டியது. அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

டக்.

மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. திரை இருண்டது.

"யாருய்யா அது?"

"நான்தான் சார்" என்றது மெயின் சுவிட்ச் பக்கமிருந்து காவலாளியின் குரல். "சாப்பாட்டு நேரம்."

"போடுய்யா சுவிட்சை!"

"முடியாது சார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, சாப்பாட்டு நேரத்துல மெயினை அணைச்சே ஆகணும்னு சுற்றறிக்கை இருக்கு."

"எந்த மடையன்யா போட்டான் அப்படி ஒரு சுற்றறிக்கை?"

காவலாளி கொஞ்சம் தயங்கினான். "நீங்கதான் சார். 'நானே வந்து கேட்டாலும் போடக் கூடாது'ன்னு கடைசி வரியில எழுதியிருக்கீங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மின்சாரம் திரும்பிய பிறகு தட்டச்சு அம்மா கேபிளைச் செருகிப் பார்த்தார், உருவிப் பார்த்தார், எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தார். போனில் வெளிச்சம் இல்லை, அதிர்வு இல்லை.

"போயிடுச்சு சார்" என்றார் மெதுவாக, துக்க வீட்டில் பேசுவதுபோல.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திருப்புளியார் பொய்களாக யோசித்துக்கொண்டே போனார். பஸ்ஸில் தொலைந்தது, தண்ணீரில் விழுந்தது, திருடன் பிடுங்கினான். வாசலில் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"போன் போச்சும்மா. நான்தான் கெடுத்தேன். அக்கா குரலும் போச்சு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜமாவே போச்சா?"

"போச்சு."

"யாராலயும் சரி பண்ண முடியாதா? நல்லாத் தெரியுமா?"

"முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

அவள் அழுதாள். வாய்விட்டு அழுதாள். திருப்புளியார் பக்கத்தில் நின்றார். தொடக்கூடப் பயமாக இருந்தது. தான் தொட்டது எதுதான் உருப்பட்டிருக்கிறது? பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாங்க, சாப்பிடலாம்."

"திட்டிடும்மா. ரெண்டு வார்த்தை திட்டிடு."

"திட்டி என்ன ஆகப்போகுது? உக்காருங்க."

அவள் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். அவருக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை. துக்கம் முற்றினால் இப்படித்தான் ஆகுமோ, பித்துப் பிடித்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கினார். எப்பாடு பட்டாவது அந்தக் குரலை மீட்டுக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டில் அவளோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருப்பது?

மறுநாள் காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த போன் ரிப்பேர் கடைக்கு ஓடினார். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார்.

"அண்ணே, இது செங்கல் ஆயிடுச்சாம். எப்படியாவது உயிர் குடுங்க. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல."

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கம்பியை வைத்து எதையோ சோதித்தார். உதட்டைப் பிதுக்கினார். திருப்புளியாருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"செங்கல்லாம் இல்ல சார். மேல இருக்கிற மென்பொருள்தான் போயிருக்கு. சிப்புல நேரா எழுதினா எழுந்துக்கும்."

"பதிவெல்லாம்?"

"அப்படியே இருக்கு. சாயங்காலம் வாங்கிக்கலாம்."

திருப்புளியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்கண்ணே! என் பொண்டாட்டி உசுரே அதுலதான் இருக்கு. அவங்க அக்கா குரல் அது. சீக்கிரம் பண்ணுங்க."

கடைக்காரர் கையை விடுவித்துக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எதுக்கும் வீட்டம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாங்க சார். போன வாரம் அவங்களே இதை எடுத்துட்டு வந்து, 'கேட்டுக்கிட்டே இருந்தா நானும் போய்ச் சேர்ந்துடுவேன், அழிக்க எனக்குக் கை வரல, நீங்க அழிச்சுக் குடுங்க'ன்னு அழுதாங்க. எனக்கும் மனசு வரலன்னு சொன்னதும், 'சரி, அப்போ எங்க வீட்டுக்காரர்கிட்டயே ரிப்பேருக்குக் குடுத்துடறேன்'னு எடுத்துட்டுப் போனாங்க."