மரண அறிவிப்பில் வந்த முதலாளி

விக்டோரியா,
கிரெனடா.

அன்பு மருமகன் டெல்ராய்க்கு மாமா ஆல்பன் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடுகளும் சுகம். கனடாவில் நீயும் உன் குளிரும் சுகமா?

உன் முதலாளி விட்லாக்கை இங்கே அனுப்பி வைத்தாயே, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். நம் ஜாதிக்காய்த் தோப்பை அவருக்கு விற்றுக்கொடுத்தால் உனக்குப் பதவி உயர்வு என்று எழுதியிருந்தாய். ஆனால் அது குடும்பப் பொது நிலம். வாரிசுகள் எல்லாரும் தலையாட்டாமல் ஒரு கொட்டையைக்கூட விற்க முடியாது. வாரிசுகளோ தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது வானொலி மரண அறிவிப்பு ஒன்றைத்தான், அதனால் அதிலேயே சொல்லச் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! அறிவிப்பாளர் அதே சோகக் குரலில், "டெல்ராயின் முதலாளி திரு. விட்லாக்... ஞாயிறு மதியம்... விக்டோரியா தோப்பில்... உறவினர்கள் அனைவரும் கூடுமாறு..." என்று வாசித்து, முடிவில் வழக்கமான கீதத்தையும் போட்டுவிட்டார்.

ஞாயிறன்று ஊரே கறுப்பு உடையில் வந்து நின்றது. ரம், காபி, பிஸ்கட், மலர்வளையம், ஒன்றுக்கும் குறைவில்லை. உன் பெரியம்மா இமெல்டா விட்லாக்கின் முகத்தையே பார்த்ததில்லை, ஆனாலும் வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ விட்லாக்கு! பாதியிலேயே போயிட்டியே ராசா!"

அந்த நேரம் பார்த்து அவர் வரைபடச் சுருளோடு காரிலிருந்து இறங்கினார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"விட்லாக்குன்னு ஒரு புண்ணியவான். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அது நான்தாங்க."

"அடப்பாவி மனுசா! தேய்ச்சுப் போட்ட கறுப்புத் துணியெல்லாம் வீணாப்போச்சே!"

அவர் அசரவில்லை. வரைபடத்தை விரித்து, "இங்க ஹோட்டல், மரத்த எடுத்துட்டு அங்க ஜாதிக்காய் எண்ணெய் ஆலை, மேட்டுல சூரிய மின்சாரம்" என்றார்.

"மரத்த வெட்டிட்டு ஜாதிக்காய் ஆலையா? கொட்டை எங்கிருந்து வரும், கனடாவுல இருந்தா?" என்றாள் இமெல்டா. ஒரு தலையும் ஆடவில்லை.

உன் அம்மா கிளாரிஸ் பெரிய பானையில் சீமைப்பலாவும் உப்புக்கண்டமும் தேங்காய்ப்பால் வற்ற வேகவைத்திருந்தாள். வந்தவரைப் பட்டினியாகவா அனுப்புவது? தட்டை வாங்கிய மனிதர் மலர்வளையத்தில் தன் பெயரைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார்.

"டொரோண்டோவுல நான் நெஜமாவே செத்தாலும் இவ்வளவு பேர் வரமாட்டாங்கம்மா."

"மொதல்ல சாப்பிடுங்க. அழுறதுக்கு இமெல்டா இருக்கா" என்றாள் உன் அம்மா.

ஆக, தோப்பு பிழைத்தது, உன் பதவி உயர்வுதான் போயிற்று. கோபித்துக்கொள்ளாதே. சில வாரங்களாக அவர் தோப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். உன் அம்மாதான் வழிகாட்டுகிறாள். உன் அப்பா போனபின் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கும் உனக்குத்தான் நன்றி. அவர் ஊர் திரும்பியதும் எப்படியாவது சமாதானப்படுத்து. கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் காப்பாராக.

உன் மாமா,
ஆல்பன்

பி.கு.: அவர் திரும்பப் போவதில்லை. உறையை ஒட்டும்போதுதான் உன் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து சொன்னாள். அடுத்த மாதம் கல்யாணம். மரத்தை வெட்டாமலே ஆலை வைக்கிறார்கள். கனடா அலுவலகம் இனி உன் பொறுப்பாம். அவரை சார் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடு. கல்யாணச் செய்தியையும் மரண அறிவிப்பில்தான் கொடுக்கப்போகிறேன், அப்போதுதான் எல்லாரும் வருவார்கள். யாராவது அழுதுகொண்டே உனக்குப் போன் செய்தால் பதறாதே, நன்றி சொல்லி வை.