குழல் நேராக உள்ளது

வீரர்கள் இருவகைப்படுவர்: வில்லை வளைத்தவர்கள், வில்லை வளைத்தவர்களைப் பற்றி மேடையில் பொருள் விரித்தவர்கள். முன்னவருக்கு ஒரு நாள் உழைப்பு. பின்னவருக்கோ ஞாயிறுதோறும் உழைப்பு. ஆகவே பின்னவரே பெருவீரர் என்பது மட்டாஞ்சேரித் தமிழமுத மன்றத்தின் துணிபு. அம்மன்றத்தின் பெருவீரர் வெங்கிடராமன்.

வயது நாற்பத்தாறு. தொழில், நகரத்து அலுவலகம் ஒன்றில் திருவிழாக் கடைகளை ஆய்ந்து உரிமம் வழங்கும் பிரிவில் ஆய்வாளர். அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அதற்குப் புதிதாகப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. தொண்டு, பழம்பாட்டுக்கும் பதிகத்துக்கும் உரை சொல்லுதல். இஞ்சி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் மாடியில், ஒன்பது ஆண்டுகளாக, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பதினான்கு பேர் அவரைக் கேட்டு வந்தார்கள். மற்ற ஆறு நாளும் அவர் மூச்சு விடுவது ஏழாம் நாளுக்காகத்தான் என்று அவர் மனைவி கனகாம்பாள் சொல்வாள். அதைப் பாராட்டாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

எண்பத்தொன்றாம் ஆண்டுக் கார்த்திகையில் ஒரு ஞாயிறு, கையில் வில்லிருந்தும் அம்பை விடாமல், சிரித்தே முப்புரத்தை எரித்த இறைவனைப் பற்றி அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். குறி வைத்தல் நம் குருதியில் ஊறியது என்றும், இன்று ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் நம்மவர் பிழைக்க மாட்டார் என்றும் முடித்தார். ‘குறி பிழைக்க மாட்டார்’ என்பதே அவர் கருத்து.

மிளகுக் கிட்டங்கியில் எடை போடும் ராசப்பன் எழுந்தான்.

“சாரே, ஒரு சம்சயம். நிங்க எப்பளாச்சும் சுட்டிருக்கியளா?”

பதினான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

“வர சித்திரையிலே எறணாகுளத்துலே போட்டி நடக்கறது,” என்றார் வெங்கிடராமன். “அதுலே என் குண்டு வளையத்தைத் தொடலேன்னா, இந்த மேடையிலே நான் ஏறமாட்டேனாக்கும்.”

இது ‘தீர்மானம் எண் ஏழு’ எனப் பதிவாயிற்று. மன்ற வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம்.

வீட்டில் செய்தி கேட்ட கனகாம்பாள் அடுப்பிலிருந்து திரும்பவும் இல்லை. “அப்பளம் சுடச் சொன்னா கருக்கிடறேள். துப்பாக்கி சுடப் போறேளா?”

மறுவாரம் படகேறி எறணாகுளத்துக்குப் போனார். வேம்பநாட்டு இலக்காளர் சங்கத்தில் சுபேதார் குரியாக்கோஸ், பட்டாளத்தில் தமிழரோடு இருபது ஆண்டு கழித்தவர், விதிகள் அச்சிட்ட தாளொன்றைத் தந்தார். காற்றுத் துப்பாக்கிப் புதுமுகப் போட்டியில் எவரும் கலந்துகொள்ளலாம். பயிற்சி நேரில் மட்டுமே வழங்கப்படும். அது உறுப்பினருக்கு மட்டுமே. உறுப்பினராவதற்கு, போட்டியில் கலந்துகொண்ட சான்று இணைக்கப்பட வேண்டும். வெங்கிடராமனின் கண்கள் பனித்தன. இருபது ஆண்டு அலுவலக வாழ்வில் இவ்வளவு செறிவான நடையை அவர் கண்டதில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பயிற்சி பெறாமலேயே திரும்பினார்.

ஏலூரில் ஓர் ஆலை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரை அணுகினார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூடச் சுடாமலிருப்பதே தம் தேர்ச்சி என்றும், அதை வேண்டுமானால் கற்றுத் தருவதாகவும் அவர் சொன்னார். அந்தத் தேர்ச்சி வெங்கிடராமனிடம் ஏற்கெனவே இருந்தது.

மார்கழியில் வட்டாரக் கோயில் திருவிழா. பலூன் சுடும் கடை ஒன்றின் முன் கூச்சல். எல்லாம் ஏமாற்று, ஒன்றுகூட உடையவில்லை என்று ஓர் இளைஞன் சீறிக்கொண்டிருந்தான். கடைக்காரி, ஐம்பது வயதிருக்கும், வாயிலிருந்த கடலையை மென்றபடியே காற்றுத் துப்பாக்கியை வாங்கி, ஏழு பலூன்களை வரிசையாக உடைத்தாள். பிறகு மீதிக் கடலையைத் தின்றாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியிலே காலூன்றிய முப்பிடாதி அவள். தேடிய குரு கிடைத்துவிட்டார் என்று வெங்கிடராமன் கைகூப்பினார். காவடிக்குச் சில்லறை கேட்கிறார் என்று அவள் நினைத்தாள்.

வந்த காரியம் தெரிந்த பிறகு, கூட்டம் குறைந்த பிற்பகல்களில் வரச் சொன்னாள். முதல் பாடமே கடைசிப் பாடமுமாயிற்று.

“ஒடைக்க வேண்டிய பலூனைப் பாக்காதீக சாரே. அதுக்கு எடப்பக்கம் ரெண்டு வெரல் தள்ளிப் பாருங்க. மூச்சை அடக்குங்க. நீலத்தைப் பாத்தா மஞ்சள் ஒடையும்.”

மஞ்சள் உடைந்தது. வெங்கிடராமன் மெய்சிலிர்த்தார். வேண்டியதை நோக்கினால் அது விலகும். வேண்டாமல் அயலே நோக்கினால் வந்தடையும். பற்றறுத்தல் என்று பெரியோர் பாடிவைத்ததை ஒரு பலூன் கடையில் நேரில் கண்டார். குறிப்பேட்டில் ‘இருவிரல் இடைவெளித் தத்துவம்’ என்று தலைப்பிட்டு எழுதினார். அடுத்த நான்கு ஞாயிறுகள் அத்தத்துவத்துக்கே போயின.

கடை ஊர் ஊராக நகர்ந்தது, சீடரும் நகர்ந்தார். கும்பளங்கியில் புனிதர் பெருநாள், போர்ட் கொச்சியில் இன்னொரு புனிதர், ஏலூரில் பகவதி உற்சவம். நெற்றியில் நீறும் கக்கத்தில் குடையுமாக எல்லாச் சன்னிதிகளிலும் அவர் காணப்பட்டார். கணவருக்கு வயதாகி, மனம் விரிந்துவிட்டது என்று கனகாம்பாள் அண்டை வீட்டில் சொன்னாள். பங்குனி முடிவில் நூறு பலூனுக்குத் தொண்ணூற்றெட்டு உடைந்தன.

சித்திரையில் போட்டி. பதினான்கு பேரும் படகேறி வந்திருந்தார்கள். சங்கத்துத் துப்பாக்கி கையில் கனமாக, பளபளப்பாக இருந்தது. வெங்கிடராமன் மூச்சை அடக்கினார். கரும்புள்ளியை விட்டு இடப்பக்கம் இருவிரல் தள்ளி, பற்றற்று நோக்கினார். பத்து முறை சுட்டார்.

குரியாக்கோஸ் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“ஸாரே, கை பிரமாதம். பத்து குண்டும் ஒரே ஓட்டை. இந்த ரேஞ்சில நான் கண்டதில்ல,” என்றார். “பக்ஷே ஓட்டை வளையத்துக்கு வெளியே, எடது பக்கம் ரெண்டு வெரல். மார்க் பூஜ்யம்.”

தத்துவத்தை விளக்க வெங்கிடராமன் வாயெடுத்தார். குரியாக்கோஸ் கையமர்த்தினார். “எந்தத் துப்பாக்கியில படிச்சது? அதோட கொழல் வலது பக்கம் வளஞ்சிருக்கு. அவ்வளவுதான் காரியம்.”

நான்கு மாதத் தத்துவம் அரை நிமிடத்தில் இரும்பாயிற்று.

குரியாக்கோஸ் நல்ல மனிதர். இப்படிப்பட்ட கையைப் பூச்சியத்தோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. கோணல் துப்பாக்கியில் பழகியதால் நேர்ந்த பிழை என்று எழுதித் தந்தால் மறுவாய்ப்புத் தருவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும்: உரிமத்துக்காக அந்தக் கடைத் துப்பாக்கி நேரானது என்று சான்றளித்த அதிகாரி யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். “அவனை விடக்கூடாது ஸாரே. சனிக்கிழமைக்குள்ள கொண்டுவாங்க.”

மேடை காப்பாற்றப்பட்டது என்று ராசப்பன் படகில் எல்லோருக்கும் கடலை வாங்கித் தந்தான். வெங்கிடராமன் தின்னவில்லை.

திங்களன்று அலுவலகத்தில் முப்பிடாதியின் உரிமக் கோப்பைப் பிரித்தார். பதினொரு ஆண்டு, பதினொரு சான்று. ஒவ்வொன்றிலும் அழகிய ஒரே கையெழுத்தில்: ‘குழல் நேராக உள்ளது. நேரில் கண்டேன்.’ கீழே, வெங்கிடராமன். அந்தக் கடைகளின் பக்கம் அவர் ஒரு நாளும் போனதில்லை. கோப்பு மேசைக்கு வரும். மேசையை விட்டுப் போகும். இடையே நிகழ்வதற்கு ‘ஆய்வு’ என்று பெயர்.

உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பத்தோடு அன்றே முப்பிடாதியும் வந்தாள். வழக்கமாக வாசலிலேயே தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறவள், உள்ளே எட்டிப்பார்த்து, தன் கோப்போடு உட்கார்ந்திருந்த சீடரைக் கண்டு நின்றுவிட்டாள்.

“அந்தக் கையெழுத்து நிங்களுதா சாரே?”

குழல் கோணல் என்று தம்மிடம் ஏன் சொல்லவில்லை என அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நேராக்கினா வாறவன் எல்லாம் ஒடச்சிட்டுப் போவான், நான் என்னத்தத் திங்க?” என்றாள் முப்பிடாதி. அவள் குரலில் சினம் இல்லை. “நேரா இருக்குன்னு நான் ஒரு நாளும் சொல்லல சாரே. ரெண்டு வெரல் தள்ளிப் பாருன்னுதான் சொன்னேன். நேரா இருக்குன்னு எழுதினது நிங்க.”

சனிக்கிழமை வந்து போயிற்று. எறணாகுளத்துக்கு எந்தத் தாளும் போகவில்லை. அதிகாரியின் பெயரை எழுதினால் வேலை நிலைக்காது. எழுதாவிட்டால் மேடை நிலைக்காது. வெங்கிடராமன் மேடையைத் துறந்தார்.

ஞாயிறு மாலை கிட்டங்கி மாடியில், மேடைக்குக் கீழே நின்றபடி விடைபெற்றார். ராசப்பன்தான் முதலில் அழுதான்.

“சாரே, வேண்டாம். நான் என்னமோ சும்மா கேட்டேன். ஒரு வாக்குக்கா இம்புட்டு?”

“சொன்னா சொன்னதாக்கும்,” என்றார் வெங்கிடராமன்.

மன்றம் உருகிற்று. மறுவாய்ப்புக் கிடைத்தும் மறுத்த மாண்பைப் போற்றி, ‘சொல் தவறாச் செம்மல்’ என்ற பட்டத்தை மாலையோடு அணிவித்தது. பட்டத்தைச் சட்டமிட்டு, அவர் இனி ஏறாத மேடையின் பின்சுவரில் மாட்டினார்கள்.

மறுநாள் காலை முப்பிடாதியின் பன்னிரண்டாம் சான்றை எழுதினார். குழல் நேராக உள்ளது. நேரில் கண்டேன். அந்த இரண்டாவது வாக்கியம் உண்மையானது பன்னிரண்டு ஆண்டுகளில் அன்றுதான்.

பட்டம் இன்றும் சுவரில் தொங்குகிறது. சொல் தவறாதவர் என்பதில் மட்டாஞ்சேரியில் எவருக்கும் சம்சயம் இல்லை. எழுத்தைப் பற்றி யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.