மோட்டார் சைக்கிள் சாவியைத் திருப்பி அனுப்பக் கோரி

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் தங்கை என்னைவிட நலம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், குறையாவிட்டாலும் தபால் ஆபீஸ் வரை நடக்கிற அளவுக்காவது இருக்கும் என்றும் நம்புகிறேன். ஏனென்றால் விஷயம் தபால் ஆபீஸ் சம்பந்தப்பட்டது.

சென்ற வாரம் உங்கள் தங்கை தங்களுக்குப் பதிவுத் தபாலில் ஓர் உறை அனுப்பியிருக்கிறாள். உள்ளே இருப்பது என் மோட்டார் சைக்கிள் சாவி. "நான் சொல்ற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதே அண்ணா" என்று ஒரு சீட்டும் இருக்கும். அந்த 'யார்' நான்தான். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, வந்த புகாருக்கெல்லாம் 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். இன்று நானே புகார் எழுதும்படி ஆகிவிட்டது. தயவுசெய்து பரிசீலித்துவிடாதீர்கள், சாவியை அனுப்பிவிடுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு, பால் பொங்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டு தடவை பொங்கியதும் அதையும் பறித்துக்கொண்டார்கள். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால்தான் நானும் எங்கேயோ போகவேண்டிய ஆள் என்று தோன்றுகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன் மச்சான்? சிரிக்காதீர்கள்.

பயணத்துக்கு நாங்கள் நாலு பேர். பல் டாக்டர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் வாத்தியார், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி, நான். ஆறு மாதம் திட்டமிட்டோம். அதில் ஐந்து மாதம் ஜாக்கெட் வாங்குவதிலேயே போயிற்று. தோளிலும் முழங்கையிலும் தகடு வைத்த கறுப்பு ஜாக்கெட். போட்டால் ஆள் கம்பீரமாகத்தான் இருக்கிறேன், ஆனால் கையை மடக்கி மூக்கைச் சொறிய முடியாது. அந்தச் சமயத்தில்தான் உங்கள் தங்கை ஒருநாள் கேட்டாள், "என்னங்க, நானும் வரட்டுமா?" நான் நியாயமாகத்தான் பதில் சொன்னேன். "இது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான்மா. பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு இல்ல" என்றேன். அவள் மறுநாளிலிருந்து டாக்டர் சம்சாரத்தோடும் மற்ற இரண்டு வீட்டுச் சம்சாரங்களோடும் காலை நடைக்குப் போக ஆரம்பித்தாள். மனசை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாளே என்று எனக்கும் நிம்மதி. என்ன, நடந்துவிட்டு வரும்போதெல்லாம் குதிகாலில் கிரீஸ் அப்பியிருக்கும், முடி தலையோடு படிந்திருக்கும். பார்த்து நடக்கும்படி சொல்லிவைத்தேன். இன்னொன்று, அந்த நாட்களில் நான் ரொப்பி வைக்கிற பெட்ரோல் நின்ற இடத்திலேயே குறைந்துகொண்டு வந்தது. பெட்ரோல் பங்கில் போய்ச் சண்டை போட்டேன். திருட்டுப் பயல்கள், சத்தியம் பண்ணுகிறார்கள்!

கிளம்பும் நாள் காலையில் வாசலிலேயே முதல் தகராறு. யார் முன்னால் போவது? வழி தெரிந்தவன் போகவேண்டும் என்றார் வாத்தியார். அவர் வரைபடத்தைப் பார்க்கமாட்டார், பார்த்தால் பூகோள வாத்தியாருக்குக் கேவலமாம். பெரிய வண்டி முன்னால் போகட்டும் என்றார் டாக்டர். செக்ரட்டரி உடனே அங்கேயே கூட்டம் போட்டு, ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். தலைவர் என்று யாரும் கிடையாது. அவரவர் முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்த்துப் போகவேண்டும். முந்துவது நட்புக்கு அவமானம். எல்லோரும் கைதட்டினோம். தகடு வைத்த கையுறையில் சத்தம்கூட வரவில்லை.

இரண்டாம் நாள் ஒரு பெரிய ஏரிக்கரைச் சாலை. தூறல், பனிமூட்டம். டாக்டர் முன்னால், அடுத்து செக்ரட்டரி, பிறகு நான். வாத்தியார் ரொம்பப் பின்தங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் டாக்டருக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்திருக்கிறது. 'அடடே, யாரோ நம்மளத் தாண்டிப் போய்ட்டாங்கபோல' என்று தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு அதன் பின்னாலேயே போயிருக்கிறார். அது கடைசியில் வந்த வாத்தியாரின் விளக்கு. சாலை ஏரியைச் சுற்றிப் போகிற சாலை மச்சான்! டாக்டர் வாத்தியாரைப் பின்தொடர, நான் செக்ரட்டரியைப் பின்தொடர, வாத்தியார் என்னைத் தேடிக்கொண்டே ஓட்ட, காலையில் ஆரம்பித்தது மத்தியானம் வரை செக்குமாடு மாதிரி சுற்றினோம். ஒருவரும் முந்தவில்லை. நட்பு காப்பாற்றப்பட்டது. வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு பச்சைப் புடவை அம்மாள் கை காட்டினார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு, கடைக்குக் கடை கூப்பிடுகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அந்த அம்மாள் சாலை நடுவிலேயே வந்து நின்றுவிட்டார்.

"ஏங்க, இன்னும் எத்தன சுத்து சுத்துவீங்க? டீ வேணுமா, வேணாமா?"

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிய வாத்தியார் தண்ணீரைப் பார்த்து, "இந்த மாவட்டத்துல ஏரி ஜாஸ்தி" என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் மயக்க ஊசி இல்லாமலே பல்லைப் பிடுங்கியிருப்பார்.

அன்று விடுதியில் என் ஜாக்கெட்டின் ஜிப் மாட்டிக்கொண்டது. மூன்று பேர் இழுத்தும் வரவில்லை. தகட்டோடு படுத்தேன், புரண்டால் கட்டில் அலறியது. மாத்திரையைக் காணோம் என்று வீட்டுக்கு போன் போட்டேன். "இடது பாக்கெட்ல பாருங்க" என்றாள். இருந்தது. உடனே வைத்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம்தான். தோன்றவில்லை.

மறுநாள் செக்ரட்டரி என்னை வீடியோ எடுத்தார். ஒரு மேட்டில் நின்றுகொண்டு, "வீட்ட விட்டுக் கெளம்பினாத்தான் மனுஷனுக்கு மூச்சே வருது" என்றேன். சும்மா ஒரு வீறாப்புக்குச் சொன்னது. அதை எங்கள் நாலு பேர் குழுவில் போடுவதற்குப் பதிலாக, குடியிருப்பு முழுக்க இருக்கிற குழுவில் போட்டுத் தொலைத்தார். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்புக்குக் கீழே நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மொத்தக் கட்டடமும் கட்டைவிரல் காட்டியிருந்தது. உங்கள் தங்கை மட்டும் காட்டவில்லை.

திரும்பும் வழியில் என் வண்டிச் செயின் கழன்றது. நாலு பேரிடமும் நாலு பெட்டி ஸ்பானர் இருந்தது. எதை எங்கே வைத்துத் திருகுவது என்பதுதான் தெரியவில்லை. சரக்கு லாரி ஒன்றைப் பிடித்து ஏற்றினோம். பழுதானது என் வண்டி மட்டும்தான், மற்ற மூன்றையும் ஒற்றுமைக்காக ஏற்றினோம். தெருமுனையில் இறக்கிக்கொண்டு, அவர்கள் உறுமிக்கொண்டு முன்னால் போக, நான் தள்ளிக்கொண்டு கம்பீரமாக வந்தேன். உங்கள் தங்கை வண்டியைத்தான் முதலில் பார்த்தாள். "செயின் லூசா இருந்துதே, பாக்கலையா?" என்றாள். பெண்கள் எதையாவது குத்துமதிப்பாகச் சொல்வதுதான், இது எப்படியோ பலித்துவிட்டது. பிறகு கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். மற்ற மூன்று வீட்டிலும் அதே கதி, சாவியெல்லாம் அவரவர் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டதாம்.

ஆனால் இப்போது அவள் கோபம் தணிந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நான் வங்கிக்குப் போயிருந்தபோது செயின் சரியாகியிருக்கிறது. "ஆள் வந்து பாத்தாச்சு" என்றாள். எந்த விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, எந்தப் பையில் மழை இறங்காது, அந்த டீக்கடை ஏரிக்கு எந்தப் பக்கம் என்றெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கிறாள். புருஷன் பட்ட கஷ்டத்தைக் கேட்க ஒரு மனைவிக்கு இவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இன்று காலையில் என் பயணத் துணி, வீட்டுத் துணி எல்லாவற்றையும் அவளே வாரி ஊறப் போட்டிருக்கிறாள். எவ்வளவு கரிசனம்! ஆகவே மேற்படி சாவியைத் தாங்கள் அடுத்த தபாலிலேயே அனுப்பிவைத்தால், இனி வாயை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாக வரவேண்டும், முடிந்தால் காரில் போகிற ஆளாக. தங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் தயவுக்கும் காத்திருக்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் உறுமல் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் நாலு வண்டியும் நிற்கிறது. நாலிலும் எங்கள் சம்சாரங்கள். யார் முன்னால் போவது என்று ஒரு பேச்சு இல்லை, உங்கள் தங்கைதான் முன்னால். நாலு நாள் பயணமாம். ஏரிக்கரை அம்மாளிடம் டீ குடித்துவிட்டு மேலே போகிறார்களாம். "நானும் வரட்டுமா?" என்றேன்.

"இது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை மச்சான்.

கண்ணாடியில் பின்னால் மூன்று பேரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, முனையில் அழகாகச் சாய்த்துத் திருப்பினாள். பொறாமையாகத்தான் இருந்தது. பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், சாவியை மட்டும் எப்படியாவது அனுப்புங்கள். தங்களிடம் இருப்பது பீரோ சாவியாம், கிளம்பும்போது அவளே சொன்னாள். அதன் ஜோடியை அவள் பீரோவைப் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊறப் போட்டது போக மீதி சட்டை, பேண்ட் எல்லாம் உள்ளே. நான் துண்டும் தகடு வைத்த ஜாக்கெட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவே இருட்டும்வரை காத்திருக்க வேண்டும்.